முகம் தெரியாத வாசகருக்கு

நூலகப் புத்தகம் ஒன்றில் 112-ஆம் பக்கத்தை அடுத்து 121-ஆம் பக்கம் வந்தால், நடந்தது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தையலை ஒட்டி பிளேடு நேராக இறங்கியிருக்கும். நான்கு தாள்கள், எட்டுப் பக்கங்கள். புத்தகம் அதே அலமாரியில், அதே பகுப்பு எண்ணோடு நிற்கும். பதிவேட்டின்படி அது இருப்பில் உள்ள நூல். தேடி வந்தவருக்கு அது இல்லாத நூல். முழுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதைவிட இது கொடியது என்றே எண்ணுகிறேன். காணாமல் போன நூல், இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நாள் தெரிந்துவிடும். மாற்றுப் படி வாங்கலாம். பக்கம் போன நூலோ முழுதாக இருப்பதுபோல் நின்றிருந்து, தேவைப்படும் நாளில் கைவிடும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் பாடம் நடத்தியவர்களுக்கும் இது புதிய செய்தி அல்ல. இங்கே கல்லூரி நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மில் தொழிலாளியின் மகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவரின் மகன், மலையடிவாரத்துத் தோப்புகளில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளை. வீட்டில் பள்ளிப் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் பார்த்திராதவர்கள். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் விலையுள்ள நூலை அவர்கள் சொந்தமாக வாங்க முடியாது. அவர்களுக்கு அந்த அலமாரியில் இருக்கும் படிதான் உலகத்திலுள்ள ஒரே படி.

முதுகலை படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் என்னிடம் வந்து நின்றது நினைவிருக்கிறது. "புக்கு இருக்கு சார். நமக்கு வேண்டிய அத்தியாயம் மட்டும் இல்ல" என்றார். வேறு காப்பி உண்டா என்று கேட்டுப் பார்த்தாயா அம்மா என்றேன். "கேட்டேன் சார். ஒரே காப்பிதானாம். பதிப்பும் இப்ப வர்றதில்லையாம்." மதுரைக்குப் போய்த் தேடுவதுதான் வழி. பஸ் கட்டணம்கூட அவருக்குப் பெரிதல்ல. தனியாக மதுரைக்குப் போய்வர வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் மலையாக இருந்தது. அந்தப் பக்கங்களை அறுத்தவருக்கு இந்தப் பெண் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அறுத்திருப்பாரா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. முகம் தெரிந்தவரிடம் நேர்மையாக இருப்பது எளிது. நாம் ஒருநாளும் பார்க்கப் போகாத ஒருவருக்கு நாம் எவ்வளவு நேர்மையாக இருக்கிறோம்?

இந்த இரண்டு ஊர்களும் அந்தக் கேள்விக்கு முன்பே நல்ல விடை சொல்லியிருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கப்பட்டது. அப்போது இவ்வூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஜில்லா கலெக்டராக இருந்த பென்னிங்டனின் பெயரை நூலகம் தாங்கியது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். சட்டம் வருவதற்கு 73 ஆண்டுகள் முன்பே இந்தச் சிற்றூரில் பொதுமக்கள் படிக்க ஒரு நூலகம் இருந்திருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கொடுத்தவர்கள் யாரும் தமக்குப் பின் ஐம்பது, நூறு ஆண்டு கழித்து அந்தப் படியேறி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. வருகிறவர் யார், என்ன சாதி, என்ன படிப்பு என்று கேட்காமல் கொடுத்தார்கள். இன்று நாம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோமே, அதுவும் அப்படித்தான்: முகம் தெரியாதவருக்குப் புத்தகம் வாங்க நாம் தருகிற பணம்.

முகம் தெரியாதவருக்குக் கொடுக்கிற ஊரில், முகம் தெரியாதவரிடமிருந்து எடுக்கிற பழக்கமும் வளர்கிறது. அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஒன்று உண்டு. புத்தகத் திருட்டு திருட்டாகாது, அறிவுப் பசியில் எடுப்பது பாவமில்லை என்பார்கள். படித்தவர்களே இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடையில் எடுத்தால் கடைக்காரருக்கு நட்டம். அவர் நம் கண்முன் இருக்கிறார், அதனால் கை கூசுகிறது. நூலகத்தில் எடுத்தால் நட்டம் யாருக்கு என்று தெரிவதில்லை, அதனால் கூசுவதில்லை. உண்மையில் அங்கே பறிபோவது இன்னொருவரின் அறிவுப் பசிக்கான சோறு. ஒருவர் பசியைச் சொல்லி இன்னொருவர் தட்டை எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அறுபது பேர் படிக்கும் வகுப்புக்கு இரண்டு படிகள் இருந்தால், தேர்வுக்கு முந்திய வாரம் அந்த இரண்டு படிகளும் படாத பாடு படும். ஒரு மாணவர் பொருளாதார நூலைக் கொண்டுபோய்த் தாவரவியல் வரிசையில் செருகிவைப்பார். மறுநாள் தனக்கு மட்டும் கிடைக்கும் என்ற கணக்கு. அவர் மறந்துவிட்டால் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை அந்நூல் தொலைந்ததுதான். பார்வை நூலாக மட்டும் வைத்திருப்பதை வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஐந்து மணிக்கு நூலகம் மூடும். கடைசி பஸ் காத்திருக்காது. அந்த நெருக்கடியில்தான் பிளேடு வெளியே வருகிறது. இது குற்றத்துக்கு நியாயம் ஆகாது. ஆனால் நெருக்கடியைக் குறைக்கக் கூடியவர்கள் அதைக் குறைக்காமல் மாணவரை மட்டும் திட்டுவது நேர்மையில்லை.

மாணவரைவிட அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. துறை அலமாரியில் ஆண்டுக்கணக்காக நூலைப் பூட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள். இரவல் வாங்கியது அவர் இளைஞராக இருந்தபோது. ஓய்வு பெறும்போது ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக்கொடுத்து விலையைக் கட்டிவிடுவார். பதிவேடு நேராகிவிடும். பதிப்பில் இல்லாத நூலுக்குக் கட்டிய பணம் அந்த நூலைத் திரும்பக் கொண்டுவராது. மாணவரிடம் ‘நோ டியூ’ சான்றிதழ் இல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழ் கிடைக்காது. அந்தக் கண்டிப்பில் பாதியாவது ஆசிரியர் அறைகளுக்குள் போக வேண்டும்.

வெளியுலகத்திலும் இதே கதைதான். 2005-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு பிளேடைப் பணியாளர் பார்த்தார். அதிலிருந்து பிடிபட்டவர், பழைய நிலப்பட வணிகத்தில் பேர்பெற்ற எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி. பல நூலகங்களிலிருந்து 97 நிலப்படங்கள் எடுத்ததை அவர் ஒப்புக்கொண்டார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஜிரோலாமினி நூலகத்தின் அரிய நூல்களைக் கடத்தியதற்காக 2012-இல் கைதானவர் அந்த நூலகத்தின் இயக்குநரே. இவர்கள் எவரும் சுவரேறிக் குதித்தவர்கள் அல்லர். நம்பி உள்ளே விடப்பட்டவர்கள்.

நம் பக்கத்தில், தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005-இல் ஒரு நூல் காணாமல் போனது. சீகன்பால்கு தமிழில் பெயர்த்த, 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு அது. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்க காலச் சொத்து. அது லண்டனில் உள்ள ஒரு தொகுப்பில் இருப்பதைக் கண்டறிந்ததாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு காவல்துறை 2022-இல் அறிவித்தது. ஒரு நூல் போன இடத்தைத் தெரிந்துகொள்ளவே 17 ஆண்டுகள். அதுவும் ஊருக்கெல்லாம் தெரிந்த அரிய நூல் என்பதால். நம் கல்லூரி அலமாரியிலிருந்து போகிற எட்டுப் பக்கத்தைத் தேடி எந்தக் காவல்துறையும் வரப்போவதில்லை.

பக்கம் போனால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, 1894-இல் புறநானூற்றையும் 1904-இல் பதிற்றுப்பத்தையும் அச்சில் கொண்டுவந்தபோது, கிடைக்காத இடங்களைக் கிடைக்காதவையாகவே விட வேண்டியிருந்தது. பதிற்றுப்பத்தின் அந்த இரு பத்துகளில் இருந்த சேரன் யார், பாடிய புலவர் யார் என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். அந்த ஏடுகள் கறையானுக்கும் காலத்துக்கும் கவனக்குறைவுக்கும் போயின. ‘எஞ்சியதையாவது காப்போம்’ என்று வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் உழைப்பில் தமிழ் படிக்கிற நாம், பட்டப்படிப்புக்காக ஒரு நூலின் நடுவில் அதே இடைவெளியைக் கையால் உண்டாக்குவது எப்படிப் பொறுக்கும்?

பூட்டு இதற்கு மருந்தாகாது. கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கும் நூலகத்தில் நூல்கள் பத்திரமாக இருக்கும், படிப்பாரற்றும் இருக்கும். சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. வாசகர் தாமே அலமாரிக்குப் போய் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாதாடியவர் அவர். திறந்த அலமாரியில் சில நூல்கள் போகும் என்பது அரசுக்கும் தெரியும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் இரவலுக்கும் படிக்கவும் தந்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் இழப்பை இயல்பானதாகக் கொள்ளலாம் என்கின்றன. நேர்மைக் குறைவும் கவனக்குறைவும் காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நியாயமான விதி. போன நூலுக்கு நூலகர் கையிலிருந்து பணம் கேட்பார்களோ என்ற அச்சத்தில்தான் பல இடங்களில் அலமாரிகள் பூட்டப்படுகின்றன. அந்த அச்சத்தை நிர்வாகங்கள் நீக்க வேண்டும்.

செய்யக் கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அதிகம் கேட்கப்படும் நூலுக்குப் படிகளைக் கூட்டலாம். தேர்வுக் காலத்தில் மாலையில் நேரத்தை நீட்டலாம். நூலகத்துக்குள்ளேயே குறைந்த கட்டணத்தில் ஜெராக்ஸ் எடுக்க வழி செய்யலாம். பாடத்துக்குத் தேவையான பகுதிகளைப் படியெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணாகாது என்று டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய நூல்களை மின்வடிவாக்கிவிட்டால் பிளேடுக்கு வேலை குறையும். ஆண்டுக்கொரு முறை, பெயர் கேட்காமல், அபராதம் வாங்காமல், பழைய நூல்களைத் திரும்பப் பெறும் ஒரு வாரம் வைக்கலாம். அந்த வாரத்தில் முதலில் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள்.

பயன்படுத்தித் தேய்ந்த நூலைச் சேதமான நூலோடு சேர்த்துவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலைக்குத்தான் மதிப்பு. ஒருவர் சூடியதை அடுத்தவருக்குத் தரலாம், தருவதால் அது குறைவதில்லை என்பதை இந்த ஊர் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கொண்டாடி வருகிறது. நூலகப் புத்தகமும் அப்படிக் கைமாற வேண்டியது. பலர் விரல் பட்டு மூலை மழுங்கிய, முதுகு தளர்ந்த, மீண்டும் பைண்டு செய்த புத்தகம் தன் கடமையைச் செய்த புத்தகம். அதைப் பார்த்து நூலகர் பெருமைப்படலாம். பூவைப் பிய்த்துவிட்டு நாரைத் திரும்ப வைப்பதைத்தான் ஏற்க முடியாது.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று இரவு உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியைப் பாருங்கள். என்றோ படித்த கல்லூரியின் முத்திரை பதித்த நூல் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். தலைப்புப் பக்கத்தைக் கிழித்திருந்தாலும், ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று வைத்திருக்கும் இரகசியப் பக்கத்தில் பதிவு எண் இருக்கும். அந்நூல் எங்கே போக வேண்டும் என்று அது சொல்லும். நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் பார்க்கப் போகாத ஒரு மாணவி அதற்காகக் காத்திருக்கிறாள். அவளுக்குரியதை அவளிடம் சேர்த்துவிடுங்கள்.