முத்திரையும் பெயரும்

ஓர் ஏல நிறுவனத்தின் பழைய விற்பனைப் பட்டியல் நண்பர் ஒருவர் மூலமாகக் கைக்கு வந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சுத் தேவாலயப் புத்தகங்கள். புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் சேர்த்துக் கட்டிய, உள்ளங்கையில் அடங்குகிற தோல் அட்டைப் பிரதிகள். மூலைகளில் வெள்ளித் தகடு, ஓரத்தில் வெள்ளிக் கொக்கி. கொக்கிகளில் சிலுவையுடன் விசுவாசம், நங்கூரத்துடன் நம்பிக்கை, குழந்தையை ஏந்திய அன்பு என்று பெண்ணுருவங்கள். பட்டியல் தயாரித்தவர் இந்த உருவங்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார். அவர் கவனமெல்லாம் கொக்கியின் உட்புறத்தில் அரிசி நொய் அளவுக்கு அடிக்கப்பட்டிருக்கும் குறிகளின் மேல். சில வாரங்களாக நானும் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். விமர்சனம் எழுதுகிற என்னை வெகு நாளாக அரித்துவரும் ஒரு கேள்வி அங்கே ஸ்தூலமாகக் கிடந்தது. செய்த பொருளின் மேல் செய்தவன் பெயர் எதற்காக?

முதலில் குறிகள். 1798-இல் கில்டுகள் கலைக்கப்படும்வரை டச்சு நகரங்களில் வெள்ளி வேலையைக் கட்டுப்படுத்தியது அந்தந்த ஊர்க் கில்டுதான். பெரிய பாத்திரமென்றால் ஊர் முத்திரை (ஆம்ஸ்டர்டாமுக்குக் கிரீடத்தின் கீழ் மூன்று பெருக்கல் குறிகள்), ஆண்டைக் குறிக்கும் எழுத்து, தட்டானின் சொந்த முத்திரை எல்லாம் இருக்கும். 1814-க்குப் பிறகு அரசாங்க முறை வந்தது. ஆயிரத்துக்கு 934 பங்கு வெள்ளியென்றால் எழுந்து நிற்கும் சிங்கம், 833 என்றால் நடக்கும் சிங்கம். மாற்றுப் பார்த்த அலுவலகத்தைக் காட்ட மினர்வாவின் தலை. புத்தகக் கொக்கியில் இத்தனைக்கும் இடமில்லை. சின்னப் பொருள்களுக்கென்று ஒரு சிறு வாள் முத்திரை வைத்தார்கள். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொக்கியில் பெரும்பாலும் இரண்டே குறிகள்: அரசாங்கத்தின் வாள், தட்டானின் எழுத்துகள்.

இந்த எழுத்துகளைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு தனிப் படிப்பு. ஆம்ஸ்டர்டாம் தட்டான்களின் முத்திரைகளை எலியாஸ் ஃபூட் 1912-இல் தொகுத்தார். 1975-இல் காரல் சித்ரூன் அதே ஊருக்கு இன்னொரு தொகுப்பு செய்தார். இவ்வளவுக்குப் பிறகும் ஆள் தெரியாத முத்திரைகள் ஏராளம். தெரிந்தவையும் நேராகப் பேசுவதில்லை. புத்தகம் கிழிந்தால் கொக்கியைக் கழற்றி அடுத்த புத்தகத்தில் பொருத்திக்கொள்வார்கள். 1773-இல் சங்கீதங்களின் புதிய செய்யுளாக்கம் வந்து பழையதை ஒதுக்கியது. தாத்தா காலத்துக் கொக்கி புதிய சங்கீதத்தின் மேல் ஏறியது. ஆகவே முத்திரை வெள்ளியின் வயதைச் சொல்லும், புத்தகத்தின் வயதைச் சொல்லாது. பட்டறையில் உருவத்தைச் செதுக்கியவன் பெயரில்லாத கூலியாளாக இருக்கலாம். தட்டான் இறந்த பின் விதவை பட்டறையை நடத்தியிருக்கலாம். போதாக்குறைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பழம்பொருள் மோகம் பிடித்த வெளிநாட்டுச் சந்தைக்காகப் பழைய ஊர் முத்திரைகளைப் போலவே கற்பனை முத்திரைகள் அடித்து விற்றார்கள். சித்ரூன் பொய் முத்திரைகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுத நேர்ந்தது.

அப்படியானால் இந்த முத்திரை எதைத்தான் சொல்கிறது? 'இந்த அழகு என்னுடையது' என்று சொல்வதாக நான் நினைத்திருந்தேன். அது என் காலத்து நினைப்பு. தட்டான் தன் முத்திரையைக் கில்டின் செப்புத் தகட்டில் அடித்துப் பதிவு செய்யவேண்டியிருந்தது அவன் புகழுக்காக அல்ல. வெள்ளியில் செம்பு கூடிப்போனால் பிடிக்கவேண்டிய ஆள் யார் என்று தெரிவதற்காக. கை யாருடையதாகவும் இருக்கட்டும், பதில் சொல்லவேண்டியவன் இவன்.

1946-இல் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியனின் நோக்கத்தைக் கொண்டு கவிதையை அளக்காதே என்று வாதிட்டதைக் கல்லூரியில் படித்து, பிறகு எழுத்தாளன் பெயரைப் பற்றிக் கேட்பதே அநாகரிகம் என்று பல வருஷம் வாதாடியவன் நான். 1969-இல் ஃபூக்கோ சொன்னதை வெகு தாமதமாகத்தான் படித்தேன். எழுத்துக்குத் தண்டனை உண்டு என்று ஆனபோதுதான் எழுத்துக்கு ஆசிரியன் என்று ஒருவன் வேண்டியிருந்தது என்கிறார். அதை அதிகாரத்தின் தந்திரம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். கொக்கியைப் பார்த்த பிறகு அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டென்று படுகிறது.

நான் வேலை பார்க்கும் பாங்கில் நகைக்கடன் மேஜையில் மதிப்பீட்டாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நகையை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, மாற்று சொல்வார். கல் சொல்வது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் அவர் கையெழுத்தில்லாமல் கடன் போகாது. நானும் நாளெல்லாம் வவுச்சர்களில் இனிஷியல் போடுகிறேன். சாயங்காலம் கணக்கு இடித்தால் அந்த இரண்டெழுத்தைத்தான் தேடுவார்கள். சரியாக இருந்த நாளில் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. உண்மையைச் சோதிக்கக் கல் போதும். தவறுக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டும் வேறு காரியங்கள் என்பது பாங்கில் எனக்குத் தெரிந்திருந்தது. எழுத்தில் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்பைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை வந்தது. கட்டுரைக்குக் கீழே இருந்த பெயரில் உலகில் எவரும் கிடையாது. எழுதியவன் நான். கவிஞர் எனக்கு நண்பர். ஒருநாள் டீக்கடையில், "இது யார்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கருத்துதானே முக்கியம், பெயர் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விம்சாட் உதவிக்கு வந்தார்.

போன வாரம் அந்தக் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். படிமங்கள் வாங்கிக் கட்டப்பட்டவை என்றதும், கடைசிப் பகுதி முழுக்கப் பிரசங்கம் என்றதும் இன்றும் என் கருத்துதான். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கவிதையை விட்டு அவருடைய வேலையையும் வீட்டையும் கிண்டல் செய்கிற வாக்கியம். கட்டுரைக்கு அது எந்த வகையிலும் தேவையில்லை. என் பெயரைப் போடுவதாக இருந்தால் அதை எழுதியிருக்கவே மாட்டேன். செம்பு கலந்தது அந்த இடத்தில்தான். முத்திரை இல்லாத தைரியத்தில் கலந்தேன்.

புனைபெயரே கூடாது என்று வாதிட வரவில்லை. உத்தியோகத்துக்கும் உயிருக்கும் பயந்து பெயரை மறைக்கவேண்டியவர்கள் எப்போதும் உண்டு. எனக்கு அப்படி எந்த ஆபத்தும் இருக்கவில்லை. ஒரு நண்பரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும் என்பது மட்டுமே ஆபத்து.

நம் வட்டம் சிறியது. எந்தக் கட்டுரை என்பது தெரியவேண்டியவருக்குத் தெரியும். தொகுப்பைப் பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்த முறை டீக்கடையில் அவர் கேட்காமலே இதை நேரில் சொல்லியிருக்கவேண்டும். அச்சில் சொல்வது எனக்குச் சுலபமாக இருப்பதால் இங்கே சொல்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.