சலுகை முதுமைக்கா, தேவைக்கா?

பழனிமலைத் தொடரில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். கோடையில் வந்து போவோருக்கு அதன் குளிர் இன்பம். ஆண்டு முழுதும் அங்கு வாழும் முதியவருக்கோ, குளிரும் மேடும் பள்ளமும் வேதனை. வீட்டை விற்றுவிட்டு வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறங்கிவிடலாம் என்று அவர் எண்ணுவது இயல்பு. அப்படி வீடு மாறும் முதியவருக்குச் சொத்துவரியில் சலுகை தருவது அறமாகுமா?

ஆகும் என்கிறது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே 1978-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டம், வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி தடுத்தது. பழைய வீட்டிலேயே இருந்தால் வரி குறைவு. வேறு வீடு வாங்கினாலோ, வாங்கிய விலைக்கேற்ற வரி! முதியவர் இடம்பெயர அஞ்சினர். 2020-இல் ஏற்கப்பட்ட சட்டம், 55 வயது நிரம்பியோர் பழைய வரிமதிப்பை மாநிலத்தின் எந்த ஊருக்கும், மூன்று முறை வரை, கொண்டு செல்லலாம் என்றது. சட்டம் பூட்டிய பூட்டைச் சட்டமே திறந்தது.

தமிழ்நாட்டில் அந்தப் பூட்டு இல்லை. வீட்டை என்று வாங்கினார் என்பதல்ல, கட்டடத்தின் பரப்பும் இடமும் பயனுமே இங்கு கணக்கு. 2022-இல் நகராட்சிகளில் வரி உயர்ந்தபோது, 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் ஏற்றினர். பெரிய வீட்டுக்குப் பெரிய சுமை, நெறி நன்று. ஆனால், சுவரை அளக்கும் கோல், சுவருக்குள் வாழ்பவரின் வருவாயை அளப்பதில்லையே!

"பிறப்பால் சலுகை கேட்போரை மறுக்கும் நாம், வயதால் கேட்போரை ஆதரிப்பதா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். பிறப்பு, பிறருக்கு அடைக்கப்பட்ட கதவு. முதுமையோ நெடிது வாழ்வோர் எல்லோரும் நுழையும் வாயில். ஆயினும், எல்லோரும் வீட்டுச் சாவியுடனா அதில் நுழைகின்றனர்? வாடகை அறையில் மூப்படையும் தொழிலாளிக்கு இச்சலுகையால் என்ன பயன்? மாளிகைக்காரரின் தலை நரைத்தது என்பதற்காக நகராட்சி வருவாயை இழந்தால், தெருவிளக்கு எரிவது எவர் பணத்தில்?

டில்லி மாநகராட்சி, முதியவர் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 விழுக்காடு தள்ளுபடி தருகிறது. ஒரே வீடு, குடியிருக்கும் வீடு, அளவான வீடு: மூன்றும் நல்ல வரம்புகள். நான்காவதாக, வருவாய்க்கும் வரம்பு வேண்டும் என்போம். அவ்வரம்புக்குள் வருபவர் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும், சலுகை சுவரோடு நின்றுவிடாமல் அவரோடு செல்லட்டும்.

நரைக்கு மதிப்பளிப்போம், வரிச்சலுகையைத் தேவைக்கு அளிப்போம்.