தொலைவில் இருப்பவளை நம்புதல்

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குழுவைக் கொண்டு ஒரு திட்டத்தை வெற்றிகரமாக முடிப்பது எப்படி? மேலாண்மை நூல்களில் இதற்குப் பதில்கள் உண்டு: தெளிவான இலக்கு, எழுத்தில் பதிவான முடிவுகள், வாரம் ஒரு கூட்டம், ஆளுக்கொரு பொறுப்பு. இவற்றில் தவறில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்கிறவளை நாம் எதன் பேரில் நம்புகிறோம்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. விசைப்பலகை எத்தனை முறை தட்டப்பட்டது என்று எண்ணும் மென்பொருளும், திரையை அவ்வப்போது படம்பிடித்து அனுப்பும் மென்பொருளும் கூடவே பரவின. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் வேலை நடக்கிறது, மறைந்தால் சந்தேகம். பெண்களுக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல. எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர்கள் நாம். அதே வீட்டில் நம் உழைப்பு மட்டும் யார் கண்ணிலும் பட்டதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் குழு கணினியோடு பிறந்ததும் அல்ல. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் தலைமுறைகளாக அப்படித்தான் உழைக்கிறார்கள். இலையும் தூளும் வாங்கி வந்து, தட்டை மடியில் வைத்துச் சுற்றி, கட்டுகளாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்துவிட்டால் நட்டம் அவளுக்கு. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றே ஏற்றது. ஆனால் வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. முதலாளியின் கணக்கில் இது வெற்றிகரமான திட்டம்தான். இடவாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, சரக்கு தவறாமல் வந்து சேர்கிறது. பிறகு எது நம்மை உறுத்துகிறது?

அனெட் பேயர் என்ற பெண் தத்துவ அறிஞர் 1986இல் நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்புவது என்பது நம்மைக் காயப்படுத்தும் வாய்ப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது. சமமானவர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தையே பெரிதாகப் பேசிய ஆண் தத்துவவாதிகள், தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் இருப்பதைப் போன்ற சமமற்ற நம்பிக்கைகளைக் கவனிக்கவே இல்லை என்றார் அவர். நம்பிக்கை நல்லதா கெட்டதா என்று அறிய ஒரு சோதனையும் சொன்னார். என்னிடம் உள்ள எதை நம்பி நீ இருக்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தால், அந்த உறவு தாங்குமா?

பீடிக் கம்பெனி எதை நம்பியிருக்கிறது? அவளுக்கு வேறு வேலை கிடைக்காது, வீட்டை விட்டு வெளியே போக முடியாது என்பதை. இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? திரையைப் படம்பிடிக்கும் நிறுவனம் நம்பியிருப்பது அவளுடைய பயத்தை. இரண்டிலும் வேலை முடிகிறது. இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

ஐந்து ஊர்களில் இருந்த ஏழு பெண்களோடு தாலாட்டுகளைத் தொகுக்கும் பணி ஒன்றை நான் நடத்தினேன். கூட்டத்தில் ஒரு மாணவியின் கேமரா எப்போதும் அணைந்தே இருக்கும். அவளுக்கு ஓர் அறை வீடு. அதே அறையில்தான் மாமனாரின் படுக்கையும். முகம் தெரியாமல் எப்படிக் கூட்டம் நடத்துவது என்று சிலர் கேட்டார்கள். நமக்கு வேண்டியது அவள் எழுதித் தரும் பாட்டு, அவளுடைய அறை அல்ல என்றேன். அப்படியானால் ஏமாற்றுகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவர் கேட்டு எழுதியதை இன்னொருவர் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். வேலையைச் சோதிப்பது வேறு, ஆளைக் கண்காணிப்பது வேறு.

சோதனை என்னிடமும் திரும்பியது. நினைவூட்டுவது, சோர்ந்தவரைத் தேற்றுவது, விடுபட்டதைச் சேர்ப்பது எல்லாம் குழுவில் மூத்தவரிடம் தானாக நகரத் தொடங்கின. 'அக்கா பாத்துப்பாங்க' என்பது கேட்க இனிமையான சொல். அதன் பொருள், அக்காவுக்கு மறுக்கத் தெரியாது என்பது. அந்த வேலைக்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர் வைத்து, மாதம் ஒருவர் என்று முறை போட்டு, தொகுப்பின் முகப்பில் எழுவர் பெயரையும் அச்சிட்டோம்.

இதற்கு நல்ல முன்மாதிரி இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் பார்த்திராத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மின்னூலாக்கினார்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்களை நூலின் முகப்பிலேயே பார்க்கலாம். அந்தத் திட்டம் தமிழ்ப் பற்றை நம்பியிருந்தது, அதை வெளிப்படையாகவும் சொன்னது. ஆனாலும் தன்னார்வத்துக்கு ஓய்வுநேரம் வேண்டும். அது யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்வியையும் நாம் விட்டுவிடக் கூடாது.

படிப்பு முடித்து வேலைக்குப் போகும் உங்களில் பலர் வீட்டு மூலையில் ஒரு மடிக்கணினியோடு உட்காரப்போகிறீர்கள். சிலர் குழுவை நடத்தவும் கூடும். ஊதியத்தையும் நேரத்தையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: என்னிடம் உள்ள எதை நம்பி இந்த வேலையைத் தருகிறீர்கள்? நடத்துகிறவராக இருந்தால், அதற்கான பதிலை உரக்கச் சொல்லிப் பாருங்கள். சொல்ல நா எழாவிட்டால், திட்டம் எவ்வளவு நன்றாக முடிந்தாலும் அதை வெற்றி என்று எழுதாதீர்கள்.