ஓட்டுகிறவரை நம்பித் தூங்குவது



இன்று வாசிக்கக் கேட்ட மாற்கு நற்செய்தியில், புயலில் சிக்கிய படகில் இயேசு தூங்குகிறார். நற்செய்திகளில் அவர் உண்கிறார், நடக்கிறார், அழுகிறார். தூங்கியதாகச் சொல்லப்படுவது இந்தப் படகு நிகழ்ச்சியில் மட்டுந்தான். புயல் அடங்கியதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இன்று அந்தத் தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். கரையில் கூடிய கூட்டத்துக்குப் போதித்த களைப்பு. படகு யார் கையில் இருந்தது? கலிலேயக் கடலில் மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் கையில். தச்சர் வீட்டுப் பிள்ளை, வலை இழுத்தவர்களிடம் படகை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். சீடர் அவரை நம்பவில்லை என்றே நாங்கள் வழக்கமாகப் பிரசங்கிக்கிறோம். அவர் சீடரை நம்பினார் என்பதை ஏனோ சொல்வதில்லை.

இதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள், இந்நாட்டில் நெடுந்தூர லொறி ஓட்டும் கணவன் மனைவியர். ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர். இந்தப் பாதையில் ஒரு சாரதி நாளொன்றுக்கு 13 மணிநேரத்துக்கு மேல் ஓட்டச் சட்டம் விடாது. லொறியிலுள்ள மின்னணுக் கருவி எல்லாவற்றையும் பதிகிறது. 2023 தொடக்கம் அது இல்லாவிட்டால் தண்டமும் உண்டு. தனிச் சாரதி நின்று நின்றுதான் போகவேண்டும். இருவர் மாறி மாறி ஓட்டினால் சக்கரம் ஓயாது, மூன்று நாளுக்குள் சரக்கு இறங்கிவிடும்.

கணவனும் மனைவியும் ஒரே வண்டியில், நாடு முழுவதும்! கேட்கச் சுற்றுலா போலத்தான் இருக்கும். உண்மையில் அவர்கள் முகம் பார்ப்பதே குறைவு. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னாலுள்ள கட்டிலில் தூங்குகிறார். டீசல் அடிக்க நிறுத்தும் நேரத்தில் ரைஸ் குக்கர் சோற்றையும் பருப்பையும் சேர்ந்திருந்து சாப்பிடுவதும், பிள்ளைகளோடு தொலைபேசியில் கதைப்பதுமே குடும்பம் கூடும் நேரம். புதிதாக ஏறியவருக்குத் தூக்கம் வராது. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் விழிப்பு வரும். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். இரவில் மூஸ் மான் குறுக்கே வந்து நிற்கும். மாரியில் தார் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. 2016 சனவரியில் நிப்பிகன் பாலம் பழுதடைந்தபோது கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்க வேறு வீதியே இருக்கவில்லை. லொறிகள் அமெரிக்கா வழியாகச் சுற்றவேண்டி வந்தது. அப்படிப்பட்ட பாதையில் துணையின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத் தூங்கவேண்டும். பீடத்துக்கு முன் வாக்குக் கொடுத்த அன்று உங்களில் எத்தனை பேர் இதை நினைத்திருப்பீர்கள்?

சண்டை வராதா? வரும். வழியிலுள்ள வாவா ஊரில் தொடங்கினால் கதவைச் சாத்திக்கொள்ள அடுத்த அறை கிடையாது. பொழுது படுமுன் கோபத்தை விட்டுவிடும்படி எபேசியருக்குப் பவுல் சொன்ன புத்தி, இவர்களுக்கு வீதிப் பாதுகாப்பு விதியும்கூட. கோபத்தோடு படுத்தவருக்கு உறக்கம் வராது. விடிந்தால் அவர்தானே ஓட்டவேண்டும்!

சேர்ந்து தொழில் செய்து ஊர் ஊராகப் போன தம்பதியர் திருச்சபைக்குப் புதியவர்கள் அல்லர். கிளவுதியு பேரரசர் யூதரை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது புறப்பட்டு வந்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்தில் கூடாரத் தொழில் செய்தார்கள், பிறகு எபேசுக்குப் போனார்கள். புதிய ஏற்பாடு ஆறு இடங்களில் அவர்களைக் குறிப்பிடுகிறது. ஓரிடத்திலும் ஒருவரைத் தனியே சொல்லவில்லை. ஊரைவிட்டுத் துரத்தப்படுவது எப்படியென்று இந்தக் கோவிலில் நான் விளக்கத் தேவையில்லை.

லொறி ஓட்டுகிறவர்களைப் பற்றி, 'அந்தக் குடும்பம் பூசைக்கே வருவதில்லை' என்ற பேச்சு என் காதுக்கும் வருகிறது. தகுந்த காரணத்தால் திருப்பலிக்கு வர இயலாதவர்கள் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடும்படி திருச்சபைச் சட்டம் 1248 பரிந்துரைக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நமது இலத்தீன் மரபில் திருமண அருளடையாளத்தை வழங்குபவர் குரு அல்ல. மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். நான் திருச்சபையின் பெயரால் சாட்சியாக நின்றேன், அவ்வளவுதான். ஆகவே அந்த லொறிக்குள் குருவும் இல்லை, பீடமும் இல்லை, அருளடையாளம் இருக்கிறது. அதை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை.

அவர்களை அடுத்த முறை கண்டால், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். இம்முறை எந்தப் பாதை, இரவில் யார் ஓட்டியது என்று கேளுங்கள். சொல்ல நிறைய இருக்கும். இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு கருத்தைச் சேர்த்திருக்கிறேன்: வீதியில் விழித்திருக்கும் சாரதிக்காகவும், பின்னால் தூங்கும் துணைக்காகவும். இப்போது எழுந்து நின்று விசுவாச அறிக்கையைச் சொல்வோம்.