கழுவி வச்சதுக்கா இவ்வளவு?

உங்களிடம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வாங்கியது. விற்க மனசு வரவில்லை. ஊர் போடிநாயக்கனூர். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரேக் போட்டு நின்றால், இன்ஜினும் கூடவே நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள். சாயங்காலம் போனால் வண்டி சமர்த்தாக உறுமிக்கொண்டு நிற்கிறது. "கார்புரேட்டர்தாண்ணே... சரி பண்ணியாச்சு" என்கிறார். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள்.

அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?

இரண்டில் ஒன்று செய்திருப்பார். ஒன்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று திருகியிருப்பார். ஐந்து நிமிஷ வேலை. உள்ளே அடைத்திருக்கிற ஸ்லோ ஜெட் அடைத்தபடியே இருக்கும். இன்ஜின் வேறு வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு ஓடும். இன்னொன்று, கார்புரேட்டரையே இறக்கி, பிரித்து, ஊறப்போட்டுக் கழுவி, காற்றடித்து, திரும்பப் பூட்டியிருப்பார். அரை நாள் போய்விடும். சாயங்காலம் கேட்கிற சத்தம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். என் சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார்புரேட்டர் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காற்று போகிற குழாயை நடுவில் தொண்டை மாதிரிக் குறுக்கினால், அந்த இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். வெஞ்சுரி என்ற இத்தாலிக்காரர் 1797-ல் எழுதி வைத்த விஷயம். அந்தத் தொண்டையில் ஒரு சின்னத் துளை வைத்தால் பெட்ரோல் தானாக மேலே வந்து பொடித்தூறலாகக் காற்றோடு கலக்கும். ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்று இரண்டு பேர் 1893-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூவுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நிஜமோ, பொய்யோ, நம் ஊர்ப் பூக்காரம்மாக்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கிருக்கட்டும்.

விஷயமெல்லாம் அந்தத் துளையில்தான் இருக்கிறது. பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில், ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்தான் துளையின் அளவு. 100 என்றால் ஒரு மில்லிமீட்டர், 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். கணக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கில் போகிறது. ஜெட்டோ பித்தளை. அவசரக்காரர் ஒரு ஊக்கையோ கம்பியையோ விட்டுக் குத்தினால் அடைப்பு போய்விடும், துளையும் பெரிசாகிவிடும். எண் மட்டும் பழைய எண்ணாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்து யாரால் கண்டுபிடிக்க முடியும்?

போடியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு மலை இருக்கிறது. ஊரிலிருந்து முந்தல் வரை சமதளம். அதற்கு மேல் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் கிளம்பிய வண்டி சுமார் 4,500 அடிக்குப் போகிறது. அங்கே காற்று, கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். காற்று குறைகிற அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவை கொழுக்கும், இழுவை விழும், பிளக்கில் கரி படியும். கீழேயே கொழுத்த கலவை என்றால் கேட்கவே வேண்டாம். வளைவில் வண்டி சாயும்போது கிண்ணத்திலுள்ள பெட்ரோலும் சாயும். ஃப்ளோட் மட்டம் ஒழுங்காக வைக்காத வண்டி அங்கே இருமும், திணறும், சமயத்தில் நின்றேவிடும். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப் ஹாரன் அடிக்கும். (அந்த ஜீப்பெல்லாம் டீசலுக்கு மாறி ரொம்ப நாளாச்சு. டீசல் இன்ஜினுக்குக் கார்புரேட்டரே கிடையாது. அவர்களுக்கு நம் கவலை புரியாது.)

அப்படியானால் போடி மெக்கானிக் ஒழுங்காக வேலை செய்வது நேர்மையாலா, மலைக்குப் பயந்தா? மலையே இல்லாத சென்னையில் அதே ஆள் கடை போட்டால் ஸ்க்ரூவை மட்டும் திருகுவாரா?

இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. ஆளை மறைத்துவிடும் ஒரு மோதிரத்தைப் பற்றி பிளேட்டோ 'குடியரசு' நூலில் ஒரு கதை வைத்தார். யாரும் பார்க்க முடியாது என்று ஆகிவிட்ட பிறகும் ஒருவன் நியாயமாக நடப்பானா என்பது அதிலுள்ள சவால். மெக்கானிக்குக்கு அந்த மோதிரம் தேவையே இல்லை. கார்புரேட்டரின் மூடிக்கு ஐந்தாறு ஸ்க்ரூ போட்டுவிட்டால், அவர் செய்த வேலை மறைந்துவிடும்.

மலை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடினால், அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகும். முறையான வைத்தியம், கடைசல் பட்டறைக்குக் கொடுத்துப் புதுசாக புஷ் போடுவது. சுலப வைத்தியம், பெட்ரோலைக் கூட்டிவிடுவது. அந்த வண்டி 17 வளைவும் ஏறிவிடும். ஆனால் கூடுதலாகப் போகிற பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டே இருக்கும். ரிங் தேயும். சில வருஷம் கழித்துப் புகை தள்ளும்போது, 'பழைய வண்டி, இன்ஜின் போச்சு' என்பீர்கள். அன்றைக்குத் திருகின ஸ்க்ரூ யாருக்கு ஞாபகம் வரப்போகிறது? இந்த மாதிரி வேலையில் பரீட்சையே கிடையாது. ஆளின் மனசு ஒன்றுதான்.

அவர் மனசை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தால் போதுமா? நம் பக்கம் பாருங்கள்.

அரை நாள் உட்கார்ந்து கழுவின நேர்மையான மெக்கானிக்கிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி: "என்ன மாத்துனீங்க?"

"எதையும் மாத்தலண்ணே. ஜெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரிச்சுக் கழுவி மட்டம் வச்சேன்."

"கழுவி வச்சதுக்கா இவ்வளவு?"

முடிந்தது. அந்த ஒரு கேள்வியில் அவருக்கு நாம் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அடுத்த வண்டி வரும்போது, நன்றாக இருக்கிற ஒரிஜினல் ஜெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு ஏதோ ஒரு கம்பெனி கிட்டை மாட்டி, பழையதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி நம் கையில் கொடுப்பார். நாமும் பேரம் பேசாமல் பணம் கொடுப்போம். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குக் கொடுக்கிற காசை, தெரியாத உழைப்புக்குக் கொடுக்க நமக்குக் கை வருவதில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதானே கடையில் கிடைக்கும்?

போடியின் பெரிய வியாபாரத்திலும் இதே வியாதி உண்டு. ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டு மையம் போடியிலும், மேலே கேரளத்துப் புத்தடியிலும் இருக்கிறது. தட்டில் கொட்டின மாதிரியைப் பார்த்து மொத்த மூட்டைக்கும் விலை கேட்பார்கள். வாசனை விதைக்குள் இருக்கிறது. கண்ணோ தோலின் பச்சையையும் காயின் பருமனையும்தான் பார்க்கிறது. பச்சைக்கு விலை என்று ஆனதும் சிலர் பச்சைச் சாயத்தைத் தேடிப் போனார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் வாசனையை விட்டுவிட்டுப் பச்சைக்கே விலை கொடுத்தது யார்?

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் 1896-ம் வருஷத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு வரும். ஸ்டாக் கணக்கை மேனேஜர் ஊதிக் காட்டியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்ததை நம்பி ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை என்று சொல்லி கோர்ட் அவர்களை விட்டுவிட்டது. கோடவுனுக்குள் போய் ஒவ்வொரு மூட்டையாக எண்ணச் சொல்ல முடியாது என்று அன்றைக்குச் சட்டமே ஒரு இடத்தில் நின்றுவிட்டது. ஆடிட்டரே அப்படியென்றால் நாம் எந்த மூலை? ஒரு ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட நமக்குத் தெரியாது.

வேலை தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். 2000-ஐ ஒட்டிப் புதுக் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அம்பாஸடர் 2014-ல் நின்றுபோனது. இன்ஜெக்‌ஷனில் படித்த பையனுக்கு ஃப்ளோட் மட்டம் தெரியாது. அது அவன் தப்பும் இல்லை. அதே சமயம் பழைய கார்புரேட்டருக்குத் தேவையோ கூடிவிட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரைப் பதம் பார்க்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். இந்த வண்டிகளுக்கு முன்பு எப்போதையும்விட அடிக்கடி, யாரும் பார்க்காத அந்தக் கழுவல் வேலை வேண்டியிருக்கிறது.

இதற்கு மலையடிவாரத்துக்கென்று ஒரு வழி இருக்கிறது. "முந்தல் தாண்டி நாலு வளைவு ஏத்திப் பாத்துட்டு வந்து காசு கொடுங்கண்ணே" என்று சொல்லிவிடலாம். தேய்ந்த ஸ்பிண்டில் நாலு வளைவில் தெரியாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் கூலியைக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்பவரிடம், என்ன மாத்துனீங்க என்று கேட்க நமக்கு வாய் வராது. அந்த நாலு வளைவுக்கு யார் பெட்ரோல் போடுவது என்பதில் வேண்டுமானால் கொஞ்சம் இழுபறி வரும்.