பசியும் பழியும்

பருத்த உடலைக் காணுமிடத்து அதனை மனவுறுதியின்மையின் அடையாளமாகக் கொள்வது உலக வழக்கு. ஊணடக்கம் அறமாயின் அடங்காமை குற்றமாதல் இயல்பே. எனினும், ஒருவனைப் பழிக்குமுன் அவன் எதனை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது என்பது அறியப்படல் வேண்டுமன்றோ?

1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில், ஓயாது உண்டு பருக்கும் சுண்டெலிகள் கண்டறியப்பட்டன. அதற்குக் காரணமான பரம்பரையலகை 1994இல் ஜெப்ரி பிறீட்மனும் அவர்தம் குழுவினரும் இனங்கண்டனர். கொழுப்பிழையம் சுரக்கும் இலெப்ரின் என்னும் ஓமோனை ஆக்குவது அவ்வலகே. உடலிலுள்ள கொழுப்பின் அளவை மூளையின் பரிவகக்கீழுக்கு இவ்வோமோன் உணர்த்துகின்றது. அது குறையின் பசி மிகும். உடல் செலவிடும் சக்தியும் சுருங்கும். பிறவியிலேயே இலெப்ரின் அற்ற ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதனை ஊசிமூலம் ஏற்றிய செய்தியைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 1999இல் வெளியிட்டனர். அவளது தணியாப் பசி தணிந்தது. ஓராண்டில் எடை 16 கிலோகிராமுக்கு மேல் குறைந்தது. அவள் பெற்றது ஒழுக்கமன்று, ஓமோனே.

அவ்வாறாயின் ஊணடக்கம் பொருளற்ற சொல்லாமோ? அங்ஙனம் முடிவுசெய்தல் அவசரமாகும். அச்சிறுமியின் நிலை மிக அரியது. பருத்த உடலினர் பெரும்பாலாரிடத்து இலெப்ரின் மிகுதியாகவே உண்டு. மூளைதான் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. பிறவியிற் கண்ணிழந்தவனை எவரும் பழியார். குடியினாற் கண்ணிழந்தவனையே பழிப்பர் என்றார் அரிஸ்ரோட்டில். பசியின் விடயத்தில் இவ்விரு சாராரையும் பிரிக்கும் கோட்டினை வரைதல் எளிதன்று. பிறப்பு, பழக்கம், மலிந்து கிடைக்கும் உணவு ஆகிய மூன்றும் ஒரே உடலிற் பின்னிக் கிடக்கின்றன. மேலும், எடையைக் குறைப்பவனின் இலெப்ரின் வீழ்ச்சியுறுவதால் அவன் பசி வளர்கின்றது. முயல்பவனையே உடல் எதிர்க்கின்றது.

இதனால் தெரிவு செய்யும் ஆற்றல் அற்றுப்போவதில்லை; அதற்குக் கொடுக்கும் விலையே ஆளுக்காள் வேறுபடுகின்றது. சிறுபசியினன் இலகுவில் எழும் பந்தியினின்றும் எழுவதற்குப் பெரும்பசியினன் போராட வேண்டும். உடலின் எடையை அளக்கும் தராசு அப்போராட்டத்தை அளப்பதில்லை. ஆதலின், ஊணடக்கம் ஒருவன் தன்னிடத்துக் கோரத்தக்க அறமேயன்றிப் பிறனைப் பழித்தற்குரிய கருவியன்று. மெலிந்தவனும் தன் மெலிவைப் பண்பின் சான்றாகக் கொள்ளுமுன், அதில் எத்துணை தன் முயற்சி, எத்துணை தன் குருதியிற் கலந்த கொடை என எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும்.