தியாகம் என்னலாமா?

முன்னர் என்னிடம் அரபி இலக்கணம் ஓதி, இப்பொழுது உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் இல்லம் வந்திருந்தார். "ஹஜ்ரத், தன்னைத்தானே வெட்டிக்கொண்டு தன் குலத்தைக் காக்கும் புரதம் ஒன்று உண்டு. அதைத் தியாகம் என்று கட்டுரையில் எழுதலாமா?" என்று வினவினார். பொருளை முதலில் விளக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

மனிதக் குடலில் வாழும் எஸ்கெரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவில் லெக்ஸ்-ஏ என்றொரு புரதம் இருக்கிறது. 202 அமினோ அமிலங்கள் கோத்த சரம். இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு, சுமார் 40 மரபணுக்களை அது அடக்கி வைக்கிறது. டி.என்.ஏ. பழுதுபட்டால் எழ வேண்டியவை அம்மரபணுக்கள். பழுது நேர்ந்ததும், ஒற்றை இழையாய் வெளிப்பட்ட டி.என்.ஏ. மீது ரெக்-ஏ என்னும் வேறொரு புரதம் படர்கிறது. அதனை நெருங்கிய லெக்ஸ்-ஏ, 84ஆம் 85ஆம் அமிலங்களுக்கு இடையே இரு துண்டாகிறது, அடங்கியிருந்தவை விழித்தெழுகின்றன. கப்பல்களின் அபாய அழைப்பான எஸ்.ஓ.எஸ். என்பதையே இதற்குப் பெயராக்கினார் மிரோஸ்லாவ் ராட்மன்.

கத்தி யாரிடம் இருந்தது? ரெக்-ஏயிடம் என்றே முதலில் எண்ணினர். ரெக்-ஏ இல்லாமலேயே, காரத்தன்மை மிகுந்த கரைசலில் லெக்ஸ்-ஏ துண்டாவதை 1984இல் ஜான் லிட்டில் காட்டினார். 2001இல் வெளிவந்த படிக அமைப்பு அதனைக் கண்முன் நிறுத்திற்று. 119ஆம் இடத்துச் செரீனும் 156ஆம் இடத்து லைசீனும் கத்தி. அறுபட வேண்டிய வளைவு ஒரு நிலையில் அதனை விட்டு விலகி நிற்கிறது. மறு நிலையில் அதன் வாயிலேயே வந்து அமர்கிறது. இடைத்தொலைவு சுமார் 20 ஆங்ஸ்ட்ரம்; ஒரு மில்லிமீட்டரை ஐந்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. வளைவு உள்ளே அமர்ந்த நிலையை ரெக்-ஏ நிலைக்கச் செய்கிறது; அவ்வளவே.

"தியாகம் என்னலாகாது" என்றேன். கொடாமல் இருக்க முடிந்தவன் கொடுப்பதன்றோ தியாகம்? வளைவுக்கு ஏது நிய்யத்?

மாணவர் விடவில்லை. "கிணற்றில் விழுந்த பிள்ளைக்காக நினைக்கும் முன்னரே குதிக்கும் தாய்க்கு மட்டும் நிய்யத் ஏது?" என்றார். நல்ல கேள்வி, சற்று நேரம் நானும் திகைத்தேன். ஆயினும் அக்கிணற்றடியில் குதியாமல் நின்றோரும் இருந்திருப்பர். அவள் அவர்களுள் ஒருத்தியாய் நின்றிருக்கக் கூடும், நிற்கவில்லை.

சொல்லின் அழகே எனக்கு அச்சம் தருகிறது. எழுப்பப்படும் மரபணுக்களுள் சில, பிழை மலியப் படியெடுக்கும் நொதிகளை ஆக்குபவை. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும்போதும் இதே அபாய அழைப்பு எழுகிறது. அப்பிழைகளுள் ஏதேனும் ஒன்றே மருந்தை வெல்லும் வகையாகி விடலாம். லெக்ஸ்-ஏ அறுபடாதபடி மாற்றிய பாக்டீரியாவைச் சுண்டெலிகளில் தொற்றச் செய்து அம்மருந்தைக் கொடுத்தபோது, அத்தகைய வகை தோன்றவில்லை என அமெரிக்க ஆய்வாளர் 2005இல் அறிவித்தனர். அறுபடுவதைத் தடுக்கும் மருந்தினைத் தேடுவோரும் உளர். தியாகத்தைத் தடுக்கும் மருந்து என்றா அதற்குப் பெயரிடுவோம்?

"அப்படியானால் எந்தச் சொல்லை எழுதுவது?" என்றார். அவர் ஓதிய பாடத்தையே நினைவூட்டினேன். 'கதஅ' என்றால் அறுத்தான். 'இன்கதஅ' என்றால் அறுந்தது. தமிழிலும் அவ்வேறுபாடு தெளிவாகவே உண்டு. கட்டுரையை எடுத்து, 'தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது' என்ற தொடரை அடித்துவிட்டு, 'அறுகிறது' என்று எழுதினார்.